நான்கு மில்லிமீட்டர்

"எவ்வளவு இறக்கலாம் அண்ணாச்சி?"

தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் வட்டாரத்துக் கார்ப் பட்டறைகளில் இளைஞர்கள் வந்து கேட்கும் கேள்வி இது. கேட்பவரிடம் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஸ்விஃப்டோ போலோவோ இருக்கும். அலாய் வீல் மாட்டியாயிற்று, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற அந்தச் சந்துதான். போனில் அவர் எடுத்துக் காட்டும் படத்தில் அந்தச் சந்து இருக்காது. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ எடுத்த படம் அது. கார் தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கும்.

ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரை இறக்கினால் அதன் எடை மையம் இறங்குகிறது. வளைவில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு எடை மாறுவது குறைகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி தயங்காமல் திரும்புகிறது. பந்தயக் கார்கள் தாழ்வாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்த எண்ணை வைத்து ஸ்பிரிங் வாங்குவதில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

இதே கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிறுவனம் முறையாக விடை தேடியிருக்கிறது. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், கோயம்புத்தூரில் இருக்கிறது. அவர்களும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அடிப்படையில் டியாகோதான். உள்ளே 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 112 குதிரைத்திறன், 15 அங்குலச் சக்கரம், இறுக்கமான சஸ்பென்ஷன். விலை 6.39 லட்சம் ரூபாயில் தொடங்கியது. ஓட்டும் சுகத்துக்கென்றே செய்த கார் அது. அதை எவ்வளவு இறக்கினார்கள்? நான்கு மில்லிமீட்டர். 170 மி.மீ. இருந்த தரை இடைவெளி 166 ஆனது. பக்கத்தில் சாதா டியாகோவை நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

கார் 2020-லேயே விற்பனையிலிருந்து போய்விட்டது, அது வேறு கதை. பந்தயத்தில் ஊறிய ஊர்க்காரர்கள், காரை இறக்கினால் என்ன கிடைக்கும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள், நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஃபியட் 2015-ல் அபார்த் புன்டோவை விற்றபோது கொஞ்சம் துணிந்தது. 145 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரை 20 மி.மீ. இறக்கி, 155-ல் நிறுத்தியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 2021-ல் ஐ20 என் லைனை வெளியிட்ட ஹூண்டாய், சஸ்பென்ஷனை இறுக்கியது, உயரத்தைத் தொடவில்லை.

நான்கு, இருபது, பூஜ்யம். கடையில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 30, 35, 40 என்று எழுதியிருக்கிறது. கம்பெனி எல்லா ஊருக்கும் எல்லா ஓட்டுநருக்கும் சேர்த்து ஒரே காரைச் செய்ய வேண்டியிருப்பதால் அது பயந்து பயந்துதான் இறக்கும். தனி ஆள் கொஞ்சம் கூடுதலாகச் சகித்துக்கொள்ளலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு வேகத்தடையிலிருந்து தொடங்குகிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வரையறைப்படி, ஒரு முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த வில் போல இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒரு கார் அதன்மீது அலுங்காமல் ஏறி இறங்கலாம். ஸ்விஃப்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். நான்கு சக்கரமும் அந்த மேட்டின்மேல் நிற்கும்போது காரின் வயிற்றுக்கு அடியில் மேடு 44 மி.மீ. எழும்பி நிற்கும். ஆக, 163 மி.மீ. இடைவெளி கொண்ட இப்போதைய ஸ்விஃப்டுக்கு இன்னும் 119 மி.மீ. மிச்சம். 40 மி.மீ. இறக்கிய ஸ்விஃப்டுக்கு 79. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பையும் வைத்தால் அதிலும் இன்னொரு 25 போகும். அப்போதும் தட்டாது.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு கோளாறு, மேடு விதிப்படி இருக்க வேண்டும்.

தென்காசிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அப்படிப்பட்ட மேடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், கோயில் கொடைக்கு, ஏதோ ஒரு விபத்துக்குப் பிறகு ஊரார் கேட்டு, ஒரே ராத்திரியில் போட்ட மேடுகள்தான் அதிகம். அகலம் ஒரு முழம், உயரம் 12 சென்டிமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். இந்தக் குறுகிய மேட்டை முன் சக்கரம் தாண்டியதும் அது முழுசாகக் காரின் வயிற்றுக்கு அடியில் வந்துவிடுகிறது. 163 மி.மீ. உள்ள ஸ்விஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டும் 138-ல் தப்பித்துவிடும். 40 இறக்கிய வண்டி ஆளே இல்லாமல் 123-ல் நூலிழையில் தாண்டும். ஆள் ஏறினால் 98. சைலன்சர் குழாய் உரசும் சத்தம் தெரு முனை வரை கேட்கும்.

ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் தரை இடைவெளி 120 மி.மீ. என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் வந்த படத்தில் இருக்கும் கார் இந்த 120-லிருந்துதான் மேற்கொண்டு இறங்கியிருக்கிறது. அந்த நாட்டுச் சட்டம் குறைந்தபட்சம் 90 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது. அந்த ஊர்ச் சாலைக்கு அது போதும்.

தட்டுவது காதில் விழும். விழாத சேதம் சஸ்பென்ஷனுக்குள் நடக்கிறது.

சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் சஸ்பென்ஷனுக்கு ஒரு பயண தூரம் உண்டு. மேல்நோக்கிய பயணத்தின் கடைசியில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் அல்லது ஃபோம் கட்டை காத்திருக்கிறது. ஷாக் அப்சார்பரின் அடிக்குழாய் அதில் முட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. அடி நேராக பாடிக்குப் போகும். உதாரணத்துக்கு, ஒரு காரில் அந்தக் கட்டையைத் தொடுவதற்கு முன் 80 மி.மீ. பயணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரை 40 மி.மீ. இறக்கினால் பாதிப் பயணம் போய்விட்டது. அதே பள்ளம், அதே வேகம், அதே அடி. மிச்சமிருக்கும் பாதித் தூரத்துக்குள் அதை விழுங்க ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? இரண்டு மடங்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். நான்கு மடங்கு. ஒரு ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அது அமுங்கிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக்கூட இயற்பியல்.

சந்தையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பொதுவாக ஒரிஜினலைவிட இருபது, முப்பது சதவீதம்தான் கடினம். நான்கு மடங்கு கடினமாகச் செய்தால் அதில் யாரும் உட்கார முடியாது. அதனால் மிச்ச வேலையைப் பம்ப் ஸ்டாப் பார்க்கிறது. இறக்கிய காரில் போகும்போது 'டக்' என்று முதுகெலும்பில் ஓர் உதை விழுமே, அது ஸ்பிரிங்கின் கடினம் இல்லை, பயணம் முடிந்துபோனதன் சத்தம்.

பின் சீட்டில் ஆள் ஏறும் கணக்கும் இதோடு சேர்கிறது. பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், பின்புறம் 160 கிலோ ஏறும்போது பக்கத்துக்கு 80 கிலோ, 40 மி.மீ. இறக்கம். ஏற்கெனவே 40 இறக்கிய வண்டி பம்ப் ஸ்டாப்பின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஊருக்குக் கிளம்பும். தனியாக ஓட்டும்போது அருமையாக இருந்த கார், வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போகும்போது மாட்டு வண்டியாகிவிடுவது இதனால்தான்.

காசு செலவழிக்காமல் இறக்க ஒரு வழி எல்லா ஊரிலும் இருக்கிறது: இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டுவது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது இருபது சதவீதம் கடினமாகிறது. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். வெட்டினால் இறங்கவும் செய்கிறது, இறுகவும் செய்கிறது. கேட்டது இரண்டும் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கின் நுனி அடித்தட்டில் சரியாக உட்காரும்படி வடிவமைத்தது. வெட்டிய முனைக்கு அந்த உட்காரும் இடம் இல்லை. கேஸ் கட்டரால் வெட்டினால் சூடேறிய இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது. அந்த இடம் நாளாவட்டத்தில் தொய்யலாம், உடையலாம். இன்னொன்று, நீளம் குறைந்த ஸ்பிரிங் சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும்போது தட்டைவிட்டு விலகித் தளர்ந்துவிடும். பள்ளத்தின் மறுகரையில் சக்கரம் ஏறும்போது அது பழைய இடத்தில் வந்து உட்காரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிலர் வெட்டாமல் சூடாக்கி அமுக்குகிறார்கள். அது இன்னும் மோசம். ஸ்பிரிங்கின் பதம் என்பது உலையில் கணக்குப் பார்த்து ஏற்றியது, கேஸ் தீயில் கண்ணளவில் மாற்றக்கூடியது இல்லை.

நல்ல லோயரிங் ஸ்பிரிங்கில் இந்தச் சங்கடங்களுக்கெல்லாம் பதில் யோசித்திருப்பார்கள். ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர், ஜப்பானின் டெய்ன் போன்றவர்கள் ஒரே ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை நெருக்கமாகவும் சிலவற்றை அகலமாகவும் வளைத்துச் செய்வார்கள். லேசான அதிர்வுக்கு நெருக்கமான சுற்றுகள் மெதுவாக அமுங்கும். அடி பெரிதானால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மிச்சச் சுற்றுகள் கடினமாக வேலை செய்யும். சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் தளராமல் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்விஃப்டில் டீசல் வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஏறக்குறைய 100 கிலோ கூடுதல் எடை. அதில் பெரும்பகுதி மூக்கில். டீசலுக்குச் செய்த முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டியில் மாட்டினால் முன்பக்கம் சொன்ன அளவு இறங்காது. பெட்ரோல் ஸ்பிரிங்கை டீசலில் மாட்டினால் மூக்கு குத்தும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் தென்காசிப் பக்கம் ஓடுகிற செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்டுகளில் டீசல் இன்னும் நிறைய. "ஸ்விஃப்டுக்கு உள்ளது" என்று கடைக்காரர் சொன்னால் போதாது. எந்த வருடம், எந்த இன்ஜின், முன் அச்சு எத்தனை கிலோ வரை தாங்கும் என்று பெட்டியில் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பேசுவதில்லை. காரைத் தாங்குவது ஸ்பிரிங், அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஷாக். ஸ்பிரிங் இறுகினால் அதைப் பிடித்து நிறுத்த ஷாக்குக்கும் பலம் கூட வேண்டும். 20 மி.மீ. வரை இறக்கினால் நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஷாக் ஓரளவு சமாளிக்கும். 70,000 கி.மீ. ஓடிய, எண்ணெய் கசிகிற ஷாக்கின்மேல் புது ஸ்பிரிங் போட்டால் கார் ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு முறை தலையாட்டும். 20 மி.மீ.க்கும் மேல் இறக்க நினைத்தால் நீளம் குறைத்த ஷாக் தேவை. பில்ஸ்டைன் நிறுவனம் பி12 என்ற பெயரில் தன் ஷாக்கையும் ஐபாக்கின் ஸ்பிரிங்கையும் ஒரே பெட்டியில் விற்பதற்குக் காரணம் இதுதான்: இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதித்திருக்கிறார்கள். தனித்தனியாக வாங்கி மாட்டும்போது அந்தச் சோதனையை வாங்கியவர் தன் முதுகில் செய்துகொள்கிறார்.

உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் செட் வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்பார்கள். தீராது. திருகும் மரைகளில் குற்றாலச் சீசன் சேறு ஏறி இறுகிப்போனால் அடுத்த வருடம் திருகவே வராது. கே.டபிள்யூ. நிறுவனம் தன் விலையுயர்ந்த செட்களைத் துருப்பிடிக்காத எஃகில் செய்வது சும்மா இல்லை. மலிவு காயில்ஓவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் எவ்வளவோ மேல்.

காரை இறக்கும்போது சக்கரம் நிற்கும் கோணமும் மாறுகிறது. இந்தியாவில் ஓடும் சின்னக் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டில் வேலை செய்த ஏர்ல் மெக்பர்சன் என்ற பொறியாளர் பெயரால் வழங்கும் இந்த அமைப்பு 1950-ல் வந்த ஃபோர்டு கான்சலில் பிரபலமானது. சின்ன இடத்தில் அடங்கும், செலவு குறைவு. குறை என்னவென்றால், இறக்க இறக்கக் கீழ் ஆர்ம் சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. எந்தப் புள்ளியைச் சுற்றிக் காரின் உடல் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. அந்தத் தூரம் கூடினால் சாய்வும் கூடும். சாய்வைக் குறைக்கத்தான் காரை இறக்கினோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கேலி புரியும். ஸ்பிரிங் இறுகியிருப்பதால் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். பந்தய அணிகள் இதற்கென்று நீளமான பால் ஜாயிண்ட் போட்டுச் சரிசெய்வார்கள். 20, 25 மி.மீ.க்குள் நின்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அதற்குமேல் இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கண்ணுக்கு அழகு சேர்க்கும், வளைவுக்குச் சேர்க்காது.

தென்காசிக்காரர்களுக்கு வளைவு பக்கத்திலேயே இருக்கிறது. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மலை, புனலூர் என்று கொல்லம் வரை போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலையை ஒட்டி நிற்கும். ஓட்டத் தெரிந்தவருக்கு அருமையான பாதை. கூடவே, ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகளும் அதே பாதையில்தான் ஏறுகின்றன. வளைவின் உட்புறத்தில், பாரம் அழுந்தும் இடத்தில், தார் அலை அலையாகச் சுருண்டிருக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. வளைவுக்கு நடுவில் இப்படி ஒரு பள்ளத்தில் விழும் சக்கரத்துக்குப் பயணம் மிச்சம் இருந்தால் அது சாலையைத் தொட்டுக்கொண்டே இறங்கி ஏறும். பம்ப் ஸ்டாப்பில் முட்டிய சக்கரம் துள்ளும். துள்ளிய சக்கரத்துக்கு ஈரத்தார் பிடிப்புத் தராது. திருநெல்வேலிக்குப் போகும் நான்கு வழிச்சாலையில் மட்டும் ஓடுகிற வண்டிக்கும் புளியரை ஏறுகிற வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் சரிப்படாது.

செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலோ கார்கள் தரையோடு ஒட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு வருபவர்கள், ஒரு ராலி கார் எப்படி நிற்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வரலாம். அதே போலோ, ராலிக்குப் போகும்போது உயர்ந்து நிற்கும். நீளமான பயணம் உள்ள ஷாக்குக்காகவே லட்சங்களில் செலவழிப்பார்கள். வேகமாக ஓட்டத்தான் இரண்டும். தென்காசியின் சாலைகள் இந்த இரண்டில் எதற்கு நெருக்கம் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆரியங்காவுப் பாதையில் இன்னொரு எல்லையும் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அளவுகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் தரை இடைவெளிக்கென்று ஒரு கட்டம் இல்லைதான். அதனால் 15 மி.மீ. இறக்கிய காரை யாரும் டேப் வைத்து அளக்கப் போவதில்லை. தரையில் உரசிக்கொண்டு, சக்கரம் உள்ளே சாய்ந்து, டிஎன் 76 பலகையோடு ஆரியங்காவு தாண்டுகிற கார் கண்ணில் படாமல் இருக்காது. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைவிடக் கறார். ஜெர்மனியில் லோயரிங் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் சோதனைச் சான்றோடு வருகிறது. மாட்டிய பின் அங்கீகரித்த ஆய்வாளரிடம் காட்டி ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு வாசல் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் தகராறில் முதலில் வெளியே வரும்.

இத்தனைக்கும் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால்? பட்டறை மொழியில் சொன்னால், முதலில் காரை ஜாக்கியில் ஏற்றுங்கள். லிங்க் ராடு, ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், பால் ஜாயிண்ட் நான்கையும் பார்க்காமல் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். வண்டி வளைவில் ஆடுகிறது என்று வருகிற பழைய கார்கள் பலவற்றில் தேய்ந்துபோன புஷ்ஷையும் ஷாக்கையும் ஒரிஜினலாக மாற்றி, நல்ல டயர் நான்கு போட்டாலே கார் புதுசாகத் திரும்பும். இறக்க வேண்டிய ஆசையே பாதி அடங்கிவிடும்.

அடங்காதவர்கள் தங்கள் காரில் எவ்வளவு பயணம் மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். செலவு ஒரு கேபிள் டை. ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் அந்த டையை வழுக்கிக்கொண்டு நகரும் அளவுக்கு இறுக்கி, அடிக்குழாயின் விளிம்போடு ஒட்டி வைத்துவிடுங்கள். வழக்கமான ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழக்கமான பாதையில் போய்வாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் சக்கரம் எவ்வளவு தூரம் மேலே போனது என்பதை டை காட்டும். டை நிற்கும் இடத்துக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் கையில் இருக்கும் உண்மையான காசு. அது 20 மி.மீ. என்றால் 15 இறக்கலாம். ஒன்றுமே இல்லை, ஏற்கெனவே கட்டையின் துணுக்குகள் உதிர்ந்து கிடக்கின்றன என்றால், ஒரிஜினல் உயரத்திலேயே வண்டி அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

மாட்டும் வேலைக்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள். ஸ்ட்ரட்டில் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைக் கம்பியும் கயிறும் கட்டிக் கழற்றும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது நழுவினால் கையோ முகமோ போகும். மாட்டிய பிறகு ஆர்ம் புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பல இடங்களில் இதைச் செய்வதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமர்ந்துவிடும். வீல் அலைன்மென்ட்டை மாட்டிய அன்று ஒரு தடவையும் அமர்ந்த பிறகு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். இறக்கியதால், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் டோ கோணம் நிச்சயம் மாறியிருக்கும். கவனிக்காமல் விட்டால் வெளியிலிருந்து பார்க்கும்போது புதுசாகத் தெரியும் டயர் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். ஹெட்லைட்டின் ஏற்ற இறக்கத்தையும் அன்றே ஒரு சுவர் முன்னால் நிறுத்திச் சரிபார்த்துவிடலாம். மூக்கு அதிகம் இறங்கிய காரில் வெளிச்சம் பக்கத்திலேயே விழுந்து, புளியரை ஏற்றத்தில் எதிரே வருவது என்ன என்று தெரியாமல் போகும்.